சியோல் நடை: சாங்தொக்குங்கிலிருந்து ஜோங்மியோ வரை

வியாழன்

சியோலில் இந்த நடைக்குக் கிழமை பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். சாங்தொக்குங் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. கொரியாவை ஆண்ட ஜோசொன் வம்சத்து மன்னர்களுக்கும் அரசியருக்கும் முன்னோர் வழிபாடு நடக்கும் ஜோங்மியோவுக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாங்கியொங்குங் அரண்மனையும் திங்களன்று மூடியிருக்கும். வார விடுமுறை நாளில் அரசு விடுமுறை வந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவார்கள்.

இதோடு இன்னொரு விதியும் உண்டு. சாதாரண நாட்களில் ஜோங்மியோவுக்குள் வழிகாட்டியோடு குழுவாகத்தான் போகலாம். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, மாதத்தின் கடைசிப் புதன், இந்த நாட்களில் மட்டும் நம் இஷ்டப்படி சுற்றலாம். அரண்மனைப் பக்கத்திலிருந்து நேராக ஜோங்மியோவுக்குள் கடக்கும் வாசலும் இந்த நாட்களில்தான் திறக்கிறது. அதனால் வியாழன் அரண்மனை, வெள்ளி வழிகாட்டியோடு ஜோங்மியோ, சனி உள்வழி நடை என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவரும். ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் நேவர் மேப் அல்லது ககாவ் மேப் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் கூகுள் மேப்பை நம்பி நடக்க முடியாது. நடைவழி கேட்டால் கையை விரித்துவிடும். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் டி-மனி என்ற பயணக் கார்டு போதும்.

மெட்ரோ 3ஆம் தடத்தில் ஆன்குக் நிலையம், 3ஆம் வாசல். மேலே ஏறியதும் கிழக்கே நேராக ஐந்தாறு நிமிடம் நடந்தால் இடது கையில் சாங்தொக்குங்கின் தலைவாசலான தொன்ஹ்வாமுன். நுழைவுக் கட்டணம் 3,000 வொன். கொரியப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்தி வருபவர்களுக்கு இலவசம். பின்னால் இருக்கும் ஹுவொன் தோட்டத்துக்குத் தனியாக 5,000 வொன். அதற்கும் வழிகாட்டிக் குழு, குறித்த நேரம் எல்லாம் உண்டு. ஆன்லைன் முன்பதிவு ஆறு நாள் முன்னதாகக் காலை 10 மணிக்குத் திறக்கும். இலையுதிர் காலத்தில் இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடுவதால், நேரில் கொடுக்கும் சீட்டை நம்புகிறவர்கள் 9 மணிக்கே வாசலில் நிற்பது நல்லது. தோட்டம் அழகுதான். ஆனால் இந்த நடையின் சரடு தோட்டத்தில் இல்லை, வாசலில் இருக்கிறது. அதனால் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

சாங்தொக்குங்கை 1405இல் கட்டியவர் தேஜோங் மன்னர். தலைவாசல் அரியணை மண்டபத்துக்கு நேர் தெற்கே இருப்பதுதான் அரண்மனை முறை. கியொங்பொக்குங் அரண்மனையில் குவாங்ஹ்வாமுன் அப்படித்தான் நிற்கிறது. தொன்ஹ்வாமுன் மட்டும் வளாகத்தின் தென்மேற்கு மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது. காரணம், அரியணை மண்டபத்துக்குத் தெற்கே இறங்கும் குன்றுச்சரிவு ஜோங்மியோவுக்கு உரியது. முன்னோர் இருக்கும் நிலத்தை வெட்டி வழி அமைக்க முடியாது என்பதால் வாசலைத்தான் நகர்த்தினார்கள். இன்று நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சியோலின் அரண்மனைகள் எல்லாம் எரிந்துபோனபின் திரும்பக் கட்டியது. சியோல் அரண்மனைத் தலைவாசல்களில் இதுவே பழையது.

உள்ளே போனதும் வலது பக்கம் திரும்பி கும்சொன்கியோ என்ற கல்பாலத்தைக் கடக்க வேண்டும். 1411இல் கட்டிய பாலம் இது. நேரே கடந்துவிடாமல் ஓரமாக நின்று கீழே எட்டிப் பாருங்கள். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே வடபுறம் ஆமை, தென்புறம் ஹேதே என்ற காவல் விலங்கு, இரண்டும் கல்லில் உட்கார்ந்திருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் ஜின்சொன்முன் வாசல். அதற்குள் இருக்கும் முற்றத்தைப் பலர் கவனிக்காமலே இடது பக்கம் திரும்பி அரியணை மண்டபத்துக்கு ஓடுகிறார்கள். வாசலிலேயே நின்று கிழக்கே எதிர் வாசலைப் பாருங்கள். முற்றம் சதுரமாக இல்லை. நம் பக்கம் அகன்றும் அந்தப் பக்கம் குறுகியும் இருக்கிறது. தெற்கே ஜோங்மியோவின் குன்று நெருக்குவதால் சுவரைச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். முற்றம் கோணலாகிவிட்டது என்று, மகனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்து மூத்த மன்னராக இருந்த தேஜோங் கோபப்பட்டு, கட்டுமானத்தைக் கவனித்த பார்க் ஜாசொங்கைச் சிறையில் அடைத்தார். குன்றை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் அந்த மனிதர் மேல் பரிதாபம்தான் வருகிறது.

அரியணை மண்டபமான இன்ஜொங்ஜொன் 1803 தீவிபத்துக்குப்பின் 1804இல் கட்டியது. உள்ளே மின்விளக்குகளும் மரத்தளமும் இருப்பது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் சேர்க்கை. பக்கத்தில் சொன்ஜொங்ஜொன், நீல ஓடு வேய்ந்த கூரை. சியோல் அரண்மனைகளில் இப்படி மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அடுத்த ஹுயிஜொங்தாங்கின் முன்னால் கார் வந்து நிற்க வசதியாக ஒரு முகப்பு உண்டு. 1917இல் எரிந்த இதை 1920இல் கட்டியபோது கியொங்பொக்குங்கின் காங்னியொங்ஜொன் மண்டபத்தைப் பிரித்து அந்த மரத்தையே கொண்டுவந்தார்கள். ஒரு அரண்மனையை அழித்து இன்னொன்றைக் கட்டிய வேலை அது.

இன்ஜொங்ஜொன்னுக்கு மேற்கே பழைய சொன்வொன்ஜொன் மண்டபம் இருக்கிறது. ஜோங்மியோவின் முதன்மை மண்டபத்தைப் பழுதுபார்த்த காலத்தில், 2021 முதல், அங்கிருந்த 49 முன்னோர் பலகைகளும் (இறந்தவரின் ஆவி தங்குவதாக நம்பி வழிபடும் மரப்பலகைகள்) இங்கேதான் இருந்தன. 2025 ஏப்ரல் 20 அன்று பல்லக்குகளில் ஊர்வலமாக ஜோங்மியோவுக்குத் திரும்பின. ஊர்வலம் நகரத்தின் பெருஞ்சாலைகளைச் சுற்றிக்கொண்டு போனது. நாம் சனிக்கிழமை போகப்போவது அதைவிடக் குறுக்கான வழி.

வெள்ளி

இன்றைய நடை சுலபம். தொன்ஹ்வாமுன் எதிரே சாலையைக் கடந்து, கிழக்கே யுல்கொக்-ரோ என்ற அந்தச் சாலை ஓரமாகக் கொஞ்ச தூரம் போனால் வலது பக்கம் சொசுல்லா-கில் தொடங்குகிறது. ஜோங்மியோவின் மேற்குச் சுவரை ஒட்டியே தெற்கே இறங்கும் தெரு. சுமார் 800 மீட்டர். ஜோங்மியோவைச் சுற்றி ரோந்து போன காவலர்களின் பெயர் தெருவுக்கு ஒட்டிக்கொண்டது. இடது கையில் நெடுக கல்சுவர், அதற்கு மேலே ஜோங்மியோ மரங்களின் கிளைகள். வலது கையில் தாழ்ந்த ஓட்டு வீடுகள், வெள்ளிப் பட்டறைகள், காபிக் கடைகள். பதினைந்து நிமிடத்தில் கீழே வந்துவிடலாம். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் இதுதான் வழி. ஏற்றமும் படியும் கிடையாது. வார இறுதி மாலைகளில் கடை வரிசைகள் நடைபாதைக்கு வந்துவிடுவதால் காலையில் நடப்பதே நிம்மதி.

ஜோங்மியோவில் ஆங்கில வழிகாட்டி நேரங்கள் காலை 10, பகல் 12, மதியம் 2, மாலை 4. சுற்றி முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். கட்டணம் 1,000 வொன். குழு கிளம்பிவிட்டால் நடுவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். கழிப்பறையை நுழைவாயில் அருகிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே தின்பண்டக் கடை எதுவும் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் காலடியில் மூன்று கீற்றாகப் பிரிந்த கல்பாதை. நடுக்கீற்று கொஞ்சம் உயர்ந்திருக்கும். அது முன்னோர் ஆவிகளுக்கும் அவர்களுக்கு எடுத்துப்போகும் ஊதுவத்திக்கும் உரியது. கிழக்குக் கீற்று மன்னருக்கு, மேற்குக் கீற்று இளவரசருக்கு. நடுவில் யாரும் நடக்கக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் வழிகாட்டி சொல்லும் இடத்தில் கடந்துவிடலாம். பாவிய கற்கள் எல்லாம் கரடுமுரடு. வேண்டுமென்றே அப்படி: மன்னரும் அவசரமாக நடக்க முடியாது, குனிந்து காலடி பார்த்துத்தான் போக வேண்டும். குதிகால் செருப்பு வேண்டாம். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும், அடிப்புறம் ரப்பராக இருக்கும் ஷூ நல்லது.

வழிகாட்டியோடு வருவதன் பயன், தனியாக வந்தால் கடந்துபோய்விடும் சின்னச் சின்ன இடங்களில் அவர் நிறுத்திக் காட்டுவது. மன்னர் வழிபாட்டுக்கு முன் தங்கித் தூய்மையாகும் ஜேகுங். படையல் சமைக்கும் ஜொன்சாசொங். அதன் முன்னால் தரையோடு தரையாக இரண்டு மேடைகள். ஒன்றில் சமைத்த படையலைச் சோதிப்பார்கள், மற்றதில் பலிக்கு வந்த விலங்குகளை நிறுத்திப் பார்ப்பார்கள். யாராவது விளக்காவிட்டால் வெறும் கல்மேடை என்று தாண்டிவிடுவோம்.

கொங்சின்தாங் என்ற நீண்ட மண்டபத்தில் மன்னர்களுக்குத் துணைநின்ற 83 அமைச்சர்களின் பலகைகள் இருக்கின்றன. முதன்மை மண்டபத்தின் முற்றத்திலேயே, மன்னர்களுக்குக் கீழே தாழ்வாகக் கட்டிய மண்டபம் அது. இறந்த பிறகும் சபையில் இடம் அதே வரிசையில்தான்.

சனி

இதுதான் உண்மையான நடை. நடக்க மட்டும் முக்கால் மணி நேரம்; நின்று பார்த்துப் போக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் 5.20க்கே சூரியன் மறைந்துவிடும், ஜோங்மியோ மூடும் நேரம் 5.30, கடைசி நுழைவு 4.30. ஆகவே பகல் 1 மணிக்குள் சாங்தொக்குங்கிலிருந்து கிளம்பிவிட வேண்டும்.

சாங்தொக்குங்குக்குள் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், ஹுவொன் தோட்ட வாசலுக்குப் பக்கத்தில் ஹாம்யாங்முன் என்ற சிறிய வாசல். அங்கேயே 1,000 வொன் கட்டிச் சீட்டு வாங்கினால் சாங்கியொங்குங்குக்குள் போய்விடலாம். வெளியே வந்து சுற்றிப்போக வேண்டியதில்லை. இந்த வாசல் மேட்டில் இருக்கிறது. படிகளில் இறங்கித்தான் அரண்மனைக் கட்டடங்களுக்கு வர வேண்டும்.

சாங்கியொங்குங் 1483இல் செஜோங் மன்னரின் கொள்ளுப்பேரன் சொங்ஜோங் மன்னர், அரண்மனையின் மூத்த அரசியருக்காகக் கட்டியது. இதன் அரியணை மண்டபம் மியொங்ஜொங்ஜொன் கிழக்கு பார்த்தது, 1616இல் கட்டியது, சியோல் அரண்மனைகளின் அரியணை மண்டபங்களில் இதுவே பழையது. அதன் தெற்கே தெற்கு பார்த்து நிற்கும் முன்ஜொங்ஜொன். 1762இல் யொங்ஜோ மன்னர் தன் மகன் சாதோ இளவரசரை இங்குள்ள முற்றத்தில்தான் அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார். எட்டாம் நாள் இளவரசர் இறந்தார். முற்றம் சின்னது. நடுவில் நின்றால் நான்கு பக்கச் சுவரும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

1909இல் ஜப்பானியர்கள் இந்த அரண்மனைக்குள் விலங்குக் காட்சிச்சாலையும் தாவரத் தோட்டமும் வைத்தார்கள். 1911இல் அரண்மனை என்ற பெயரையே எடுத்துவிட்டுப் பூங்கா என்று மாற்றினார்கள். விலங்குகள் வெளியேறி, பழைய பெயர் திரும்பியது 1980களில். வடக்கே வெள்ளைக் கண்ணாடி வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. நேரம் குறைவாக இருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். நம் வழி தெற்கே. 1688இல் கட்டிய வான்நோக்கும் கல்மேடையைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே தெற்குச் சுவரை நோக்கி நடந்தால் யுல்கொக்-ரோவின் மேல்பாதைக்கு வழிவிடும் வாசல். 2024 அக்டோபரிலிருந்துதான் இங்கே மக்களை விடுகிறார்கள், அதுவும் மேலே சொன்ன நாட்களில் மட்டும்.

வாசலைத் தாண்டினால் நீங்கள் நிற்பது ஒரு பெருஞ்சாலைக்கு மேலே. ஆனால் அது தெரியாது. மண், புல், இளமரங்கள், ஓடு வேய்ந்த கல்சுவர், அவ்வளவுதான். காது கொடுத்தால் கீழே சுரங்கத்தில் வண்டிகள் போகும் இரைச்சல் லேசாகக் கேட்கும்.

1932க்கு முன் இங்கே சாலை கிடையாது. புகாக்சான் மலையிலிருந்து இறங்கும் முகடு அரண்மனைகள் வழியாக ஜோங்மியோவுக்குள் ஒரே காடாகப் போனது. நடுவில் ஒரு சுவர் மட்டும் இருந்தது. அதில் இருந்த புக்சின்முன் என்ற சிறு வாசல் வழியாக மன்னர்கள் ஆர்ப்பாட்டம் இல்லாமல் முன்னோரைப் பார்க்கப் போய்வந்தார்கள். ஜப்பானிய ஆட்சி அந்த முகட்டை வெட்டி யுல்கொக்-ரோவைப் போட்டது. கடைசி மன்னர் சுன்ஜோங் இதை எதிர்த்தார். அவர் 1926இல் சாங்தொக்குங்கில் இறந்தபின் சாலை வேலை நடந்தேறியது. எண்பது ஆண்டுக்குப்பின் சியோல் மாநகரம் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, நான்கு தடத்தை ஆறாக அகலமாக்கி, மேலே மண்ணைக் கொட்டி மரம் நட்டு, தோண்டியபோது கிடைத்த அடித்தளத்தின் மேலேயே 503 மீட்டர் சுவரையும் புக்சின்முன்னையும் எழுப்பியது. பத்தாண்டுக்கு மேல் இழுத்த வேலை. பாதை மக்களுக்குத் திறந்தது 2022 ஜூலை 22.

சுவரின் கீழ்வரிசைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். தோண்டியெடுத்த பழைய கற்களைப் புதுக் கற்களோடு கலந்து அடுக்கியிருக்கிறார்கள். பழையவற்றின் விளிம்புகள் மழுங்கி, நிறம் கறுத்திருக்கும்; புதியவை வெளுப்பாக, உளி பட்ட கோடு தெரியும். இரண்டையும் ஒரே நிறமாக்கி மறைக்காமல் விட்டது சரியான முடிவு என்பது என் எண்ணம். எங்கே வெட்டினார்கள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்த மேல்பாதை 340 மீட்டர். கட்டணம் கிடையாது. உள்வாசல் மூடியிருக்கும் நாளிலும் வெளியிலிருந்து வந்து நடக்கலாம்: மேற்கு முனை தொன்ஹ்வாமுன் பக்கம், கிழக்கு முனை வொன்னாம்-தோங் நாற்சந்தி. கிழக்கு முனையில் படி, சரிவுப்பாதை, லிஃப்ட் மூன்றும் உண்டு. சனிக்கிழமை வந்தும் வாசலைத் தவறவிடுகிறவர்கள் செய்வது ஒன்றுதான்: சாங்கியொங்குங்கின் தலைவாசலான ஹொங்ஹ்வாமுன் வழியே வெளியேறிவிடுவார்கள். அப்படி வந்துவிட்டால் வலது பக்கம் சுவரை ஒட்டி வொன்னாம்-தோங்குக்கு நடந்து, மேல்பாதை ஏறி, மேற்கு முனையில் இறங்கி, நேற்றுச் சொன்ன சொசுல்லா-கில் வழியாகக் கீழே போய் ஜோங்மியோவின் முன்வாசலில் நுழையலாம். அரை மணி நேரத்துக்குமேல் கூடுதலாகும், வேறு நஷ்டம் இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கம், புக்சின்முன் வழியாக நுழையும் ஜோங்மியோவுக்குக் கட்டணம் தனி. பின்புறக் காட்டு வழியாக இறங்குவதால் நேற்றைய நுழைவுக்கு நேர் எதிரான வரிசையில் எல்லாம் வரும். முதலில் மண்டபங்களின் முதுகு, அப்புறம்தான் முகம்.

முதன்மை மண்டபமான ஜொங்ஜொன் 101 மீட்டர் நீளம். ஒரே கூரை, ஒரே வரிசைச் சிவப்புத் தூண்கள், 19 அறைகள். அரண்மனைகளில் காணும் பூவேலை, விலங்கு ஓவியம் எதுவும் இல்லை. சிவப்பும் பச்சையும் வெறுமனே பூசியிருக்கிறார்கள். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. 1395இல் தேஜோங்கின் தந்தை தேஜோ மன்னர் கட்டியபோது அறைகள் 7. மன்னர்கள் சேரச்சேர 1546இல் 11, 1726இல் 15, 1836இல் 19 என்று கிழக்கே நீட்டிக்கொண்டே போனார்கள். நடுவே 1592இல் எரிந்து 1608இல் மறுபடி எழுந்தது. தீக்கு முன்பே பலகைகளை எடுத்துக்கொண்டு ஓடியதால் அவை தப்பின. இப்போது இங்கே 19 மன்னர்களும் 30 அரசியரும். மேற்கே சற்றுச் சிறிய யொங்னியொங்ஜொன்னில் 16 அறைகளில் 34 பலகைகள். பதவி பறிக்கப்பட்ட மன்னர்களான யொன்சான்குனுக்கும் குவாங்ஹேகுனுக்கும் இரண்டிலுமே இடம் இல்லை. எரிந்த ஜோங்மியோ திரும்ப எழுந்த 1608இல்தான் குவாங்ஹேகுன் அரியணை ஏறினார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வரிசை இன்னும் கனக்கிறது.

கதவுகளைக் கவனியுங்கள். இரண்டு மரக்கதவும் முழுக்கப் பொருந்தாமல் லேசாகக் கோணி இடைவெளி விட்டிருக்கும். ஆவிகள் வந்துபோக அப்படி விட்டது என்கிறார்கள். மண்டபத்துக்கு முன் விரிந்திருக்கும் கல்மேடை வொல்தே. அதில் அங்கங்கே கல்லில் பதித்த இரும்பு வளையங்கள் தெரியும். வழிபாட்டு நாளில் பந்தல் கயிறு கட்ட. நடுவில் கறுப்புச் செங்கல் பாவிய கோடு தெற்கு வாசலிலிருந்து மண்டபம் வரை போகும். அதன்மேல் கால் வைக்க வேண்டாம். தெற்கு வாசல் ஆவிகளுக்கு, கிழக்கு வாசல் மன்னருக்கு, மேற்கு வாசல் இசைக்காரர்களுக்கும் ஆடுகிறவர்களுக்கும்.

படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் தெற்கு வாசலுக்கு நேராக நின்று போனின் அகலக் கோணத்தில் எடுக்கிறார்கள். கூரை வில்லாக வளைந்துவிடும். பனோரமாவிலும் அதே கதி. கூரையின் நேர்க்கோடுதான் இந்த மண்டபத்தின் உயிர். தென்கிழக்கு மூலைக்குப் போய், சாதாரண லென்ஸில் சாய்வாக எடுங்கள். தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய் நீளம் சரியாக விழும். மதியத்துக்குப்பின் வெயில் மேற்கிலிருந்து தூண்களுக்குள் நுழைவதால் அந்த நேரம் இன்னும் நல்லது.

ஆண்டு வழிபாடான ஜோங்மியோ தேஜே மே மாதம் முதல் ஞாயிறு நடக்கும். 64 பேர் எட்டு எட்டாக நின்று ஆடும் ஆட்டமும் 1464 முதல் இங்கே ஒலிக்கும் இசையும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. அன்று கூட்டம் நெரியும். மண்டபத்தை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளுக்கு வாருங்கள்.

தெற்கே திரும்பினால் மரங்களுக்கு மேலே நகரம் தெரிகிறது. எதிரே சேஉன் பகுதியில் உயரமான கட்டடங்கள் எழுப்புவது பற்றி 2025இல் மாநகர நிர்வாகத்துக்கும் பாரம்பரியத் துறைக்கும் பெரிய மோதலே நடந்தது. வடக்கே ஒரு சாலையை மண்ணுக்குள் புதைக்க அத்தனை ஆண்டு பாடுபட்ட நகரம் தெற்கு வானத்தையும் காப்பாற்ற வேண்டும்.

முன்வாசல் வழியே வெளியே வந்தால் சதுக்கம். ஜோங்னோ சாலையில் வலது பக்கம் ஐந்து நிமிடத்தில் ஜோங்னோ 3-கா நிலையம், 11ஆம் வாசல். 1, 3, 5 ஆகிய மூன்று தடங்களும் உண்டு. இடது பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் குவாங்ஜாங் சந்தை. அங்கே பாசிப்பயறு ஊறவைத்து அரைத்துச் சுடும் பின்தேத்தொக் சூடாகக் கிடைக்கும். சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும்: மாவிலேயே பன்றி இறைச்சி கலந்திருக்கலாம், கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் ஊறலோ இருக்கும். "கோகி ப்பே ஜுசெயோ" என்றால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் மீன் சாறு அதில் அடங்காது. அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.